சிறு ஜெனரேட்டர் இணைப்பும் எர்த்திங்கும்: சின்ன காஞ்சிபுரத்துத் தறிவீடுகள்

சிறு ஜெனரேட்டர் என்பது பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் எஞ்சினும், அதன் தண்டோடு பூட்டிய ஆல்ட்டர்னேட்டரும் ஒரே இரும்புச் சட்டத்துக்குள் அமைந்த மின்னாக்கி. ஒருவரோ இருவரோ தூக்கி நகர்த்திவிடலாம். வீடு, கடை, சிறு பட்டறை போன்ற இடங்களில் புழங்குபவை பெரும்பாலும் 1 முதல் 5 கேவிஏ வரை திறன் கொண்டவை; ஒற்றை ஃபேஸில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தருபவை. ஃபேன், விளக்கு என்று ஒன்றிரண்டு பொருள்களை நேரே செருகி ஓட்டும் வரையில் இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கட்டடத்தின் மொத்த ஒயரிங்கையும் இதன் மேல் ஏற்றும்போதுதான் மூன்று கேள்விகள் எழுகின்றன. மின்வாரியத்தின் லைனோடு இது எந்த நேரத்திலும் சேராமல் இருக்க என்ன ஏற்பாடு? இதன் நியூட்ரல் மண்ணோடு சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் எந்த இடத்தில்? இதன் புகை எங்கே போகிறது?

இக்கட்டுரை அந்தக் கேள்விகளைச் சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிவீடுகளை வைத்து விளக்குகிறது. நெசவாளர் மண்குழியில் கால் வைத்து நெய்யும் குழித்தறி உள்ள வீட்டில் மின்கசிவின் விளைவு மற்ற வீடுகளைவிடக் கடுமையாக இருக்கும் என்பதே இந்தத் தேர்வுக்குக் காரணம்.

ஊரும் கரண்டும்

காஞ்சிபுரத்தின் தென்கிழக்குப் பகுதி சின்ன காஞ்சிபுரம். விஷ்ணு காஞ்சி என்றும் சொல்வார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி விரிந்த தெருக்கள். தெற்கே வேகவதி ஆறு. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005ஆம் ஆண்டை ஒட்டி. ஆனால் நெசவுக்கும் இத்தெருக்களுக்குமான உறவு பல நூற்றாண்டுப் பழமை கொண்டது.

கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. தறி கையால் ஓடினாலும், பாவு இழைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வெளிச்சம் வேண்டும். தார் (ஊடை நூல் சுற்றிய சிறு குழல்) சுற்ற இப்போது பல வீடுகளில் சிறு மோட்டார் இருக்கிறது. சேலையின் வடிவங்களுக்கு இழை தூக்கும் ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்குவதற்குப் பதில் மோட்டார் பூட்டியவர்களும் இருக்கிறார்கள். தமிழக அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் தந்துவந்தது. 2023இல் அது 300 யூனிட்டாக உயர்ந்தது. இந்த அளவே தறிவீட்டின் மின்தேவை எவ்வளவு சிறியது என்பதைக் காட்டிவிடும். ஜெனரேட்டர் வாங்கும்போது அளவுக்கு மீறிப் பெரிய எந்திரத்தை வாங்குவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் வீட்டு ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் பெருகியது 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில். 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் பல. அந்த நெருக்கடி தீர்ந்தபின் புயல்கள் அதன் இடத்தைப் பிடித்தன. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12இல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று காஞ்சிபுரம் வட்டாரம் பெருமழையும் சூறைக்காற்றும் கண்ட மாதங்களில் கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டு நீடித்த இடங்கள் உண்டு. இவை தவிர, மாதாந்திரப் பராமரிப்புக்காக அறிவித்துச் செய்யும் ஷட்டவுன் என்றும் உண்டு. முகூர்த்தத்துக்கு முன் முடிக்கவேண்டிய சேலை தறியில் இருக்கும் நாளில் அந்த ஷட்டவுன் வந்தால், வாடகைக்கு ஜெனரேட்டர் தேடுவது நெசவாளருக்கு வழக்கமாகிவிட்டது. அவசரத்தில் வரும் அந்த வாடகை எந்திரத்தைத்தான் யாரும் சரியாக இணைப்பதில்லை.

இரு தலை ஒயர்

அவசர இணைப்புகளில் மிக ஆபத்தானது, இரண்டு முனையிலும் மூன்று பின் பிளக் வைத்த ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரின் சாக்கெட்டில். மறுமுனை வீட்டின் 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில். மெயினை அணைத்துவிட்டு இப்படிச் செருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும். செலவு ஒரு ஒயர், இரண்டு பிளக், அவ்வளவுதான். அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. அமெரிக்காவில் இதைத் ‘தற்கொலை ஒயர்’ என்றே அழைக்கிறார்கள். ஒரு முனையை உருவினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்னில் கரண்ட் நிற்கும் என்பதால் வந்த பெயர் அது. அதைவிடப் பெரிய ஆபத்து தெருவில் இருக்கிறது.

மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், ஜெனரேட்டரின் மின்சாரம் மீட்டர் வழியே பின்னோக்கிப் போய்த் தெருவின் தாழ்வழுத்த லைனில் ஏறும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குவது. அதே சுருள்கள் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 230 வோல்ட் உள்ளே போனால் உயரழுத்தப் பக்கத்தில் 11,000 வோல்ட்டை நெருங்கி எழும். முழுத் தெருவின் சுமையும் ஏறினால் சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். ஆகவே பயமில்லை என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வதுண்டு. கம்பி முழுசாக இருக்கும் தெருவில் அது ஓரளவு உண்மை. புயலில் கம்பி அறுந்து, நாலைந்து வீடு மட்டும் தனியே தொங்கும் நிலையில் அது உண்மை அல்ல. அந்தச் சிறு சுமையை 3 கேவிஏ எந்திரம் தாராளமாகத் தாங்கும். அறுந்த கம்பியைச் சேர்க்கக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் ஏபி (ஏர் பிரேக்) சுவிட்சைத் திறந்துவிட்டு, லைன் செத்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் கைவைக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தபோது வேறு மாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் வந்து வேலை பார்த்தார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்பது வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தெரிய வழியில்லை. லைனைத் தொடுமுன் சோதித்து, இரு பக்கமும் எர்த் ராடு போடவேண்டும் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. ஆனால் அந்த விதியை நம்பி நம் வீட்டில் அலட்சியமாக இருப்பது அறமாகாது.

மெயினை அணைத்துவிட்டேன் என்பதும் போதாது. பழைய வீடுகளில் மெயின் என்பது ஃபேஸில் மட்டும் ஒரு பீஸ் கட்டை. நியூட்ரல் நேரே ஓடும். நினைவாற்றலை நம்பிய ஏற்பாடு ஒரு நாளாவது தவறும். தவறவே முடியாதபடி செய்வது ஒரு சுவிட்ச்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச்

சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு மூன்று நிலைகள்: ஒரு பக்கம் ஈபி எனப்படும் மின்வாரிய லைன், நடுவில் பூஜ்யம், மறுபக்கம் ஜெனரேட்டர். கைப்பிடி ஒன்றுதான் என்பதால் இரண்டு மூலங்களும் ஒரே சமயத்தில் வீட்டோடு சேர வழியே இல்லை. மீட்டருக்கும் மெயினுக்கும் பிறகு, வீட்டு ஒயரிங் பிரியும் டிபி பாக்ஸுக்கு முன்னால் இது அமையவேண்டும். ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு 32 அல்லது 40 ஆம்பியர் இரண்டு போல் சுவிட்ச் போதும். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டுக்கு நான்கு போல் வேண்டும். அங்கே ஜெனரேட்டர் பக்கத்து மூன்று ஃபேஸ் முனைகளையும் ஒன்றாக லூப் செய்வார்கள். அப்படிச் செய்தால் விளக்கும் ஃபேனும் எரியும், மூன்று ஃபேஸ் மோட்டார் மட்டும் ஓடாது. அதன் எம்சிபியை (தானியங்கித் துண்டிப்பானை) முன்கூட்டியே இறக்கிவைப்பது நல்லது.

போல் எண்ணிக்கையில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. ஃபேஸை மட்டும் மாற்றி, நியூட்ரலைப் பொதுவாக விடும் இணைப்புகள் ஊரில் நிறைய. அப்போது ஜெனரேட்டரின் நியூட்ரல் தெரு நியூட்ரலோடு எப்போதும் ஒட்டியே இருக்கும். புயலில் அந்த நியூட்ரல் அறுந்து எதன் மேல் விழுந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நியூட்ரலும் சேர்ந்து மாறும் சுவிட்சே சரியானது. எர்த்திங் எப்படி அமையவேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஜெனரேட்டரிலிருந்து சுவரில் ஓர் இன்லெட் வரை மூன்று கோர் காப்பர் கேபிள் வரவேண்டும். இன்லெட் என்பது பின்கள் உட்குழிந்து, மூடியுடன் இருக்கும் நீலநிற இண்டஸ்ட்ரியல் வகை. பின்கள் சுவரிலும் துளைகள் கேபிள் முனையிலும் இருப்பதால், உருவினாலும் வெளியே தெரியும் உலோகத்தில் கரண்ட் இருக்காது. 2.5 கேவிஏ எந்திரம் முழுச் சுமையில் தருவது ஏறக்குறைய 11 ஆம்பியர். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போதும். 30 மீட்டர் நீளத்துக்கு 6 வோல்ட் அளவே இழப்பாகும். பந்தல்காரர்கள் சுருட்டிவைத்திருக்கும் மெல்லிய இரண்டு கோர் ஒயரில் எர்த் கோரே கிடையாது என்பதால் அது இதற்கு உதவாது.

மொட்டைமாடியில் சோலார் பேனல் வைத்து வாரிய லைனோடு இணைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த இன்வெர்ட்டர் சேஞ்ச் ஓவருக்கு முன்னால், ஈபி பக்கத்தில் இருக்கவேண்டும். பின்னால் இருந்தால் ஜெனரேட்டரையே லைன் என்று நினைத்து அதற்குள் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும்.

நியூட்ரல் எங்கே மண்ணைத் தொடுகிறது

வாரியத்தின் மின்சாரத்தில் நியூட்ரல் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் அடியிலேயே மண்ணோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் தரையில் நிற்பவர் ஃபேஸைத் தொட்டால் மின்சாரம் உடல் வழியே மண்ணில் இறங்கி, மண் வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. மின்கசிவுத் தடுப்பான் எனப்படும் ஆர்சிசிபி இந்தத் திருட்டு வழியைத்தான் கண்காணிக்கிறது. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் வேறுபட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். இலங்கையில் இதையே ட்ரிப் சுவிட்ச் என்கிறார்கள்.

சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நிலைமை வேறு. சுருளின் இரண்டு முனைகளில் எதுவும் சட்டத்தோடும் மண்ணோடும் சேர்ந்திருக்காது. மிதக்கும் நியூட்ரல் என்பார்கள். ஒரு டிரில்லையோ விளக்கையோ நேரே செருகி ஓட்டும்போது இது நல்லதே. ஒரு முனையைத் தொட்டாலும் மண் வழியே திரும்பப் பாதை இல்லாததால் ஷாக் அடிக்காது. அமெரிக்க மின்விதிகள் இத்தகைய தனிப் பயன்பாட்டுக்கு எர்த் ராடு அடிக்கவேண்டும் என்றே கேட்பதில்லை. கட்டடத்தோடு இணைத்து, நியூட்ரலையும் மாற்றும் சுவிட்ச் வைத்தால் மட்டும் கதை மாறுகிறது. அப்போது ஜெனரேட்டர் தனி மூலம். அதற்கென்று தனி நியூட்ரல்–எர்த் இணைப்பு வேண்டும்.

டெஸ்டர் வைத்துப் பார்க்கும் எவரும் இதை நேரில் காணலாம். மிதக்கும் ஜெனரேட்டரில் வீடு ஓடும்போது பிளக் பாயிண்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் மங்கலாக எரியும். மல்டிமீட்டரில் பார்த்தால் ஒவ்வொன்றும் எர்த்துக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டும். நியூட்ரல்லயும் கரண்ட் வருதே என்று எலக்ட்ரீஷியன்கள் குழம்புவது இங்கேதான். எந்திரத்தில் கோளாறு இல்லை. எந்த முனை நியூட்ரல் என்று யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவே.

குழித்தறி வீட்டில் இது எப்படிக் கொல்லும் என்பதைப் படிப்படியாகப் பார்க்கவேண்டும். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, வெறும் காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். குழி மண்ணில் வெட்டியது; மழைக்காலத்தில் சுவர் கசியும், சில வேளை தண்ணீரே ஊறி நிற்கும். தலைக்கு மேல் ஜக்கார்டின் இரும்புச் சட்டம். அதில் கட்டித் தொங்கும் விளக்கு. எலி கடித்தோ உராய்ந்தோ விளக்கு ஒயரின் ஒரு முனை சட்டத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் எர்த் ஆகியிருக்கிறது. மிதக்கும் ஜெனரேட்டர் என்பதால் எதுவும் நடக்காது. பீஸ் போகாது, எம்சிபி விழாது, ஆர்சிசிபியும் அசையாது. முதல் பழுது இப்படிச் சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. சில நாள் கழித்துத் தார் மோட்டாரின் ஒயரில், மறுமுனையில், காப்பு கிழிந்த இடத்தில் நெசவாளரின் கை படுகிறது. இப்போது மின்சாரம் அந்தக் கை வழியே, ஈரக் குழியில் இருக்கும் கால் வழியே, மண் வழியே, ஜக்கார்டுச் சட்டத்தின் எர்த் வழியே முதல் முனைக்குத் திரும்பப் பாதை கிடைத்துவிட்டது. போனதும் வந்ததும் ஆர்சிசிபியைத் தாண்டிய ஒயர்களில்தான் என்பதால் அதன் கணக்கு சமமாகவே இருக்கும். அது விழாது.

தீர்வு ஓர் அடி ஒயர். ஜெனரேட்டரின் இரு முனைகளில் ஒன்றை நியூட்ரல் என்று தீர்மானித்து, அதை ஜெனரேட்டரின் சட்டத்தோடும் எர்த் கம்பியோடும் ஒரே ஓர் இடத்தில் சேர்ப்பது. அந்த இடம் சேஞ்ச் ஓவருக்கு முன்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆர்சிசிபி சேஞ்ச் ஓவருக்குப் பின்னால், டிபி பாக்ஸில். இப்படி அமைத்தால் முதல் பழுதிலேயே ஆர்சிசிபி விழுந்துவிடும். ஈபி வந்தாலும் ஜெனரேட்டர் வந்தாலும் அதே ஆர்சிசிபி காக்கும்.

இடம் தவறினால் நன்மையே தீமையாகும். வீட்டு டிபி பாக்ஸுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் லூப் போட்டுவிட்டால், ஈபி ஓடும்போதும் அந்த இணைப்பு நீடிக்கும். ஆர்சிசிபி அடிக்கடி விழும். தொல்லை தாங்காமல் அதையே கழற்றிவிடுவார்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டின் ஃபிரிட்ஜ், கிரைண்டர், ஜக்கார்டு எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறும். எர்த் குழி இல்லாத வீட்டில் பிளக் பாயிண்டுக்குள் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு லூப் செய்வதும் இதே தவறுதான். வீடு வாங்கியவர் அறியாமல் சுவருக்குள் புதைந்து கிடக்கும். சில இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் நியூட்ரலைச் சட்டத்தோடு சேர்க்கத் தயாரிப்பாளர் அனுமதிப்பதில்லை. கையேட்டைப் பார்க்காமல் ஒயரைச் சேர்க்கக் கூடாது.

சோதிப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழும்; மிதக்கும் ஜெனரேட்டரிலும் விழும். அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு சிறு மின்தடையை இணைக்கிறது. எர்த் இருக்கிறதா என்பதை அது பார்ப்பதே இல்லை. உண்மையான சோதனை, பழைய 15 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் இணைப்பது. அது 65 மில்லி ஆம்பியர் இழுக்கும். உடனே ஆர்சிசிபி விழவேண்டும். பல்பு எரிந்தாலோ, எரியாமலும் விழாமலும் இருந்தாலோ இணைப்பு தவறு. இதைப் பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் காப்பிட்ட முனைகளோடு செய்யவேண்டும்.

எர்த் குழி

எர்த்திங் என்றதும் ஊரில் நினைவுக்கு வருவது உப்பும் கரியும். வீட்டுப் புழக்கடையில் குழி வெட்டி, இரும்புக் குழாயோ தகடோ இறக்கி, அடுக்கடுக்காகக் கரியும் உப்பும் போட்டு, மேலே ஒரு புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது மரபு. இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 3043 எர்த்திங் நெறிமுறை நூல் 1966இல் வந்தது, 1987இலும் 2018இலும் திருத்தப்பட்டது. அதில் குழாய், தகடு, ராடு என்று வகைகளும் அளவுகளும் சொல்லப்பட்டுள்ளன, 2.5 மீட்டர் நீளக் குழாய், 60 சென்டிமீட்டர் சதுரத் தகடு ஆகியவை வழக்கமான அளவுகள். ஈரமுள்ள களியில் மின்தடை குறைவு, காய்ந்த மணலில் மிக அதிகம். எனவே ஆற்றோரம் ஈரம் தங்கும் இடத்தில் ஐப்பசியில் அளந்த எண்ணைச் சித்திரையிலும் நம்ப முடியாது.

குழியை எவ்வளவு சிரத்தையாக வெட்டினாலும் அதன் எல்லை இதுதான். ஜெனரேட்டருக்கு ஒரு ராடு, வீட்டுக்கு ஒரு குழி. இரண்டுக்கும் தலா 10 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். நல்ல எண்தான் இது. பழுதின்போது மண் வழியே ஓடுவது 230 வோல்ட்டை 20 ஓம் வகுத்த 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு விழவே விழாது. மோட்டாரின் உடம்பில் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், யாராவது தொடும் வரை. மண்ணை நம்பாமல் கேபிளின் எர்த் கோர் வழியே, அதாவது செம்பு வழியே, பழுது மின்சாரம் ஜெனரேட்டருக்குத் திரும்பவேண்டும். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறு ஜெனரேட்டரால் ஷார்ட் ஆகும் நேரத்தில் தன் திறனைப்போலச் சில மடங்கு மின்சாரமே தரமுடியும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் போல நூற்றுக்கணக்கான ஆம்பியர் தராது. எம்சிபி உடனே விழும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆக, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் உயிர் காக்கும் உறுப்பு. எர்த் குழி அதற்குத் துணை. குழிக்கு ஐந்தாயிரம் செலவிட்டு ஆர்சிசிபியைத் தவிர்ப்பவர் முன்னுரிமையைத் தலைகீழாகப் போடுகிறார்.

இந்திய விதிகள் ஜெனரேட்டரின் உடம்பை இரண்டு தனித்தனிப் பாதைகளில் எர்த் செய்யச் சொல்கின்றன. ஒன்று கேபிளின் எர்த் கோராக இருக்கலாம். மற்றொன்று சட்டத்தின் எர்த் போல்ட்டிலிருந்து குழிக்கு நேரே போகும் எட்டாம் நம்பர் ஜிஐ கம்பி. போல்ட்டில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு முறுக்கவேண்டும். ஜெனரேட்டரின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கவேண்டும். தனித்தனியாக விட்டால் இரண்டுக்கும் இடையில் மின்னழுத்தம் எழும். ஜக்கார்டின் சட்டத்துக்கும் தார் மோட்டாருக்கும் எர்த் போவதை மறக்கக் கூடாது. தண்ணீர் ஊறிய குழித்தறியில், எந்த மூலத்திலும், விளக்கு எரியவிட்டு நெய்யாமல் இருப்பதே நல்லது.

புகை

பெட்ரோல் எஞ்சினின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிர் போகும். அமெரிக்காவில் மட்டும் ஜெனரேட்டர் புகையால் ஆண்டுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வீட்டிலிருந்து 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது.

சின்ன காஞ்சிபுரத்துத் தெருவில் அந்த 6 மீட்டருக்கு எங்கே போவது? வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்னால் திண்ணை, நடுவில் தறி, பின்னால் கிணறும் குளியலறையுமாக ஒரு சிறு புழக்கடை. நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த அந்தப் புழக்கடை வெட்டவெளி என்று தோன்றும். காற்று அசையாத நாளில் அது ஒரு தொட்டி. புகை அங்கேயே சுழன்று பின்கதவு வழியே தறிக்கூடத்துக்குள் வரும். திண்ணையில் வைத்தால் நேரே வாசல் வழியே உள்ளே. வீட்டுக்குள், மாடிப்படிக்கு அடியில், முற்றத்தில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மீதமிருப்பது தெருவும் மொட்டைமாடியும். தெருவில் வைத்துப் புகைக்குழாயைத் தெருவின் பக்கம் திருப்பி, தன் வீட்டு ஜன்னலையும் அடுத்த வீட்டு ஜன்னலையும் மூடச்சொல்வது குறைந்தபட்ச ஏற்பாடு. மாடியில் வைத்தால் கைப்பிடிச் சுவரின் மறைவில் புகை தேங்காத இடமாகப் பார்க்கவேண்டும்; பெட்ரோல் கேனை மாடிப்படியில் தூக்கிச் செல்லும் ஆபத்தும் சேரும்.

நேர்மையாகச் சொன்னால், இத்தெருக்களில் தனி வீட்டுக்குச் சிறு ஜெனரேட்டர் பொருத்தமான எந்திரமே அல்ல. நாலு எல்இடி டியூப், மூன்று ஃபேன், ஒரு தார் மோட்டார் எல்லாம் சேர்த்து 600 வாட்டைத் தாண்டாது. பேட்டரி இன்வெர்ட்டர் அதைப் புகையும் சத்தமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும். நாள்கணக்கில் கரண்ட் இல்லாத புயல் வாரத்தில்தான் ஜெனரேட்டருக்கு உண்மையான தேவை. அப்போதும் வீட்டுக்கொன்று வைப்பதைவிட, திறந்த இடத்தில் ஒரு ஜெனரேட்டரை வைத்து இன்வெர்ட்டர் பேட்டரிகளைச் சார்ஜ் செய்துகொள்வது மேல்.

கிணற்று மோட்டார்தான் இந்தக் கணக்கைக் குழப்புகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 1.1 கிலோவாட் அளவே எடுத்தாலும், கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். அதற்காகவே 3 கேவிஏ எந்திரம் வாங்கவேண்டியிருக்கிறது. வாளியில் இறைக்கத் தயாராக இருப்பவருக்கு 1 கேவிஏ போதும்.

திருவிழாவில்

வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசிக் கருடசேவைக்கும், அங்கே 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்த அத்திவரதர் வைபவத்துக்கும் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, தற்காலிகப் பந்தல்கள் எத்தனை முளைக்கும் என்று தெரியும். தண்ணீர்ப் பந்தலோ அன்னதானக் கூடமோ ஈபி இணைப்பே இல்லாமல் ஜெனரேட்டரில் மட்டும் ஓடினால் சேஞ்ச் ஓவர் தேவையில்லை. ஆனால் நியூட்ரல்–எர்த் இணைப்பும் ஆர்சிசிபியும் தேவை, கூடுதலாகவே தேவை. சீரியல் செட்டு ஒயர்கள் இரும்புக் குழாய்ப் பந்தலில் சுற்றப்பட்டிருக்கும், கீழே தண்ணீர் கொட்டிச் சேறாக இருக்கும், செருப்பில்லாக் கால்கள் ஆயிரக்கணக்கில் நடக்கும். பந்தல் குழாய்களையும் எர்த்தோடு சேர்க்கவேண்டும்.

விதிகளும் ஆட்களும்

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு, மின்வழங்கல் ஒழுங்குமுறைகள் 2010இல் வந்தன. 2023இல் புதிய வடிவம் பெற்றன. சொந்த ஜெனரேட்டர் வைப்பவர் அது வாரிய லைனோடு இணையாமல் ஓட ஏற்பாடு செய்வது கட்டாயம். ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடமோ அவரிடம் பணிபுரியும் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளிடமோ தரவேண்டும். தமிழ்நாட்டில் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தித்தான் சான்று தருகிறார்கள். சான்றைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் சேஞ்ச் ஓவரின் மேல் ‘ஜெனரேட்டர் உண்டு’ என்று தமிழில் எழுதி ஒட்டவேண்டும். மீட்டர் படிக்க வருபவரும் லைன்மேனும் அதைப் பார்ப்பார்கள்.

ஓட்டும் முறை எளியது. கரண்ட் போனதும் டிபி பாக்ஸில் எல்லா எம்சிபிகளையும் இறக்கி, சேஞ்ச் ஓவரைப் பூஜ்யத்தில் வைக்கவேண்டும். ஜெனரேட்டரைக் கிளப்பி இரண்டு நிமிடம் ஓடவிட்டு வேகம் நிலைத்ததும் கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் திருப்பி, எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். மோட்டார் இருந்தால் அதை முதலில் கிளப்பிவிட்டு மற்றவற்றைச் சேர்க்கலாம். கரண்ட் வந்தபின் இதையே தலைகீழாகச் செய்து, சுமையில்லாமல் சற்று ஓடவிட்டு எஞ்சினை நிறுத்தலாம். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றக் கூடாது. தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் ஜெனரேட்டரைத் தொடுமுன் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லிவிடவேண்டும்; வர்தாவைப் போன்ற ஒரு நாளில் அந்த எண் கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால் பிரிவு அலுவலக எண்ணையும் டிபி பாக்ஸின் கதவில் எழுதிவைப்பது உதவும்.